சத்தம் வராத இடம்

விண்வெளியில் ஒரு கப்பல் வெடித்துச் சிதறினால் அந்தச் சத்தம் யாருக்கும் கேட்காது என்ற உண்மையை எங்கள் லயத்தில் முதன்முதலாகச் சபையறியச் சொன்னவர் என் அப்பா. அதற்காக அவர் பட்ட அவமானத்தில் எனக்கும் பங்கு உண்டு. பங்கு என்று சொல்வதே என்னை நான் கொஞ்சம் காப்பாற்றிக்கொள்வதுதான். அப்போது நான் ஏழாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன்.

இலங்கை மலையகத்தில் எங்கள் தோட்டம் தலவாக்கலையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அம்மா கொழுந்து பறித்தார். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போடும் வேலை. அம்மாவின் அண்ணன், என் தாய்மாமா, ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள் உள்ள அதே லயத்தின் கடைசி வீட்டில் இருந்தார். கத்தாரில் நாலு வருடம் லொறி ஓட்டிவிட்டு வந்தவர். வரும்போது அவர் கொண்டுவந்த டீவியை வீட்டுக்குள் ஏற்ற வாசற்கதவைக் கழற்ற வேண்டியிருந்தது. எங்கள் வீட்டிலும் ஒரு டீவி இருந்தது. அதன் வலது கன்னத்தில் ஒரு தட்டு தட்டினால்தான் படம் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் பாதி லயம் மாமா வீட்டில்தான் இருக்கும். மாமா டவுனிலிருந்து ஒரு சீடி வாங்கி வருவார். வழக்கமாகத் தமிழ்ப் படம். அதில் கதாநாயகன் ஒரு ஜீப்பை உதைப்பான்; அது வானத்தில் மூன்று முறை புரண்டுவிட்டு எதிரிகளின் மேல் சரியாக வந்து விழும். யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழில் பேசவைத்த ஒரு வெள்ளைக்காரப் படத்தை மாமா கொண்டுவந்தார். ஆறு பேர் ஒரு விண்கப்பலில் ஏறி எங்கோ தூரத்தில் இருக்கும் ஒரு கிரகத்துக்குப் போகிறார்கள். கப்பலின் தலைவர் சென்னைத் தமிழில் கோபப்பட்டார். அன்று எங்கள் ஆட்கள் எல்லோரும் திடீரென்று பரிசோதகர்களாக மாறிவிட்டார்கள்.

முதலில் ஆரம்பித்தது மாமாவின் மனைவி, என் அத்தை.

"பேனா மெதக்குது, தண்ணி மெதக்குது, ஆளே மெதக்குறாங்க. அந்தப் பொம்பளப் புள்ள முடி மட்டும் ஏன் தோள்லயே கெடக்கு?"

அடுத்தது அம்மா. வெளியே அவ்வளவு குளிர் என்கிறார்கள், தலையில் மாட்டியிருக்கும் கண்ணாடிக் கூண்டில் மூச்சு பட்டு ஆவி பிடிக்க வேண்டாமா என்று கேட்டார். மார்கழிப் பனியில் தேயிலை நிரையில் நின்று கொழுந்து பறிப்பவர் கேட்கும் கேள்வி அது. பக்கத்து வீட்டுப் பெரியவர், இவர்கள் எல்லாம் எங்கே ஒதுங்குவார்கள் என்று கவலைப்பட்டார். அந்தக் கவலை எனக்கும் இருந்தது.

மாமா நெளிந்துகொண்டிருந்தார். டீவி அவருடையது, சீடி அவருடையது, கூடியிருந்தவர்களுக்கு ஊற்றிய தேநீரும் அவருடையது. படத்தில் குறை கண்டால் அது தன் வீட்டுச் சாப்பாட்டிலிருந்து கல் எடுத்துக் காட்டியதுபோல் அவருக்கு இருந்தது. "படம்னா படமாப் பாக்கணும்" என்று இரண்டு தடவை சொன்னார்.

அப்போது திரையில் இன்னொரு கப்பல் வெடித்தது. மாமா ஒலிபெருக்கிகளை நான்கு மூலையிலும் வைத்திருந்ததால் கூரைத் தகரமே அதிர்ந்தது. நான் அப்பாவின் முழங்காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அந்த வாரம்தான் வகுப்பில் ஒலியைப் பற்றிய பாடம் முடிந்திருந்தது. மணியை ஒரு கண்ணாடிச் சாடிக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சிவிட்டால் மணி ஆடும், சத்தம் வராது. பள்ளிக்கூடத்தில் சாடியும் இல்லை, உறிஞ்சும் கருவியும் இல்லை. டீச்சர் கரும்பலகையில் வரைந்துதான் காட்டினார். ஆனாலும் அந்தப் படம் எனக்குள் அப்படியே பதிந்திருந்தது. நான் அப்பாவின் காதருகில் எழும்பி, "அங்க காத்து இல்லப்பா. அதனால சத்தமே வராது" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னால் இன்றும் சரியாகச் சொல்ல முடியவில்லை. பொதுவாக நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்காதவர் அவர். அன்று தொண்டையைச் சரிசெய்துகொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"இது வெடிச்சா சத்தம் வராது. அங்க காத்து இல்ல."

முதலில் ஒருவர் சிரித்தார். தொடர்ந்து எல்லோரும் சிரித்தார்கள். இவ்வளவு பெரிய கப்பல் வெடிக்கிறது, சத்தம் வராதாம். கடுகு வெடித்தாலே சத்தம் வருகிறதே என்றார் அத்தை. அத்தை சொன்னதில் கேலி இல்லை, உண்மையான சந்தேகம்தான். ஆனால் சிரிப்பு கூடிவிட்டது.

மாமா படத்தை நிறுத்தினார். அதுவரை பொறுத்திருந்தவர், பிடித்துக்கொள்ள ஒன்று கிடைத்த மாதிரி என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, நீ படிக்கிற புள்ள. நீ சொல்லு. ஒங்க அப்பா சொல்றது சரியா?"

நான் மாமாவைப் பார்த்தேன். எல்லோருடைய முகமும் என் மேல் இருந்தது. சிரிப்பு இன்னும் யாருடைய வாயிலும் அடங்கவில்லை. நான் சரி என்று சொன்னால் அந்தச் சிரிப்பு என் மேல் வரும். மாமாவுக்குக் கோபம் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் டீவிக்கு முன்னால் எனக்கு இருக்கும் இடம் போய்விடும். இவ்வளவையும் யோசிக்க எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"தெரியல மாமா" என்றேன்.

என் முதுகு அப்பாவின் முழங்காலில்தான் சாய்ந்திருந்தது. அது அசையவில்லை.

"பாத்தீங்களா மச்சான்" என்றார் மாமா. "மெசினுக்கு எண்ண போடுறவங்களுக்கு வானத்து விசயம் என்னத்துக்கு?"

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொன்ன பிறகு அவருக்கே அது எப்படி இருந்ததோ தெரியவில்லை, சட்டென்று படத்தை ஓடவிட்டார். அப்பா என் தோளை மெதுவாக நகர்த்திவிட்டு எழுந்தார். வாசலில் குடை இருந்தது. அதை எடுக்காமலே மழையில் இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் அம்மா, தூங்கிக்கொண்டிருந்த என் தம்பியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.

நான் போகவில்லை. உட்கார்ந்து படத்தை முடிவுவரை பார்த்தேன்.

அதற்குப் பிறகு அப்பா மாமா வீட்டுப் பக்கம் போகவில்லை. அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அடுத்த மாதம் தம்பிக்குக் காது குத்த நாள் பார்த்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமாவை அழைக்க வெற்றிலைத் தட்டோடு போக வேண்டியவர் அப்பா. அவர் போக மாட்டேன் என்றார்.

"அப்ப யாரு மடியில வைக்கிறது?" என்று அம்மா கேட்டார்.

"என் மடியில வைக்கிறேன்."

"அப்படி ஒரு வழக்கம் எங்கயாச்சும் இருக்குங்களா?"

அம்மா அடுப்பு ஊதுவதுபோல் குனிந்துகொண்டு அழுதார். ஒரே அண்ணன். கத்தாரில் இருந்த நாலு வருடமும் தங்கச்சிக்கு என்று தனியாகப் பொதி அனுப்பியவர். அம்மாவும் அத்தையும் மட்டும் வீட்டின் பின்பக்கம் குழம்புக் கிண்ணத்தை மாற்றிக்கொண்டார்கள். கிண்ணத்தோடு செய்தியும் போகும். "அண்ணன் மொகமே சரியில்லையாம்" என்று அம்மா எங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்துச் சொல்வார். அப்பா கேட்காத மாதிரி இருப்பார்.

நான் சொல்லியிருக்கலாம். அறிவியல் புத்தகம் என் பையில்தான் இருந்தது. அந்தப் பக்கத்தைப் பிரித்து ஒருநாள் கையில் எடுத்துக்கொண்டு மாமா வீட்டு வாசல்வரை போனேன். உள்ளே தமிழ்ப் படம் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை வந்து, "வா பாப்பா, முறுக்கு இருக்கு" என்றார். முறுக்கைத் தின்றுவிட்டுப் புத்தகத்தோடு திரும்பி வந்தேன். அப்பா என்னிடம் முன்பு போலவே இருந்தார். சாப்பிடும்போது கருவாட்டின் நடுத்துண்டை எனக்குத்தான் வைத்தார். அதனால் என் மேல் அவருக்கு ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

காதுகுத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு மாலை நேரம், மாமாவே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. அப்பா வேலையிலிருந்து வந்து கைகால் கழுவி உட்கார்ந்திருந்தார்.

"மச்சான், நீங்க சொன்னது சரிதானாம்" என்றார் மாமா.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். மாமா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார். டவுனில் சீடிக்கடை வைத்திருக்கும் நானாவின் மகள் உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படிக்கிறாள். அன்று அவள்தான் கடையில் இருந்தாள். மாமா அவளிடம், இப்படியும் ஒரு ஆள் சொல்கிறார் பார் என்று சிரிப்புக் கதையாக இதைச் சொல்லியிருக்கிறார். அவள் சிரிக்கவில்லை. "அவங்க சொன்னது சரிதான் அங்கிள். படத்துலதான் பிழை" என்றாளாம். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் வரைந்தும் காட்டியிருக்கிறாள். அந்தத் தாளை மாமா கிழித்துக் கொண்டுவந்திருந்தார். எங்கள் டீச்சர் வரைந்த அதே சாடி, அதே மணி.

"ஏழாம் ஆண்டுப் புத்தகத்துலயே இருக்காம்" என்று சொல்லிவிட்டு மாமா என்னைப் பார்த்தார். "ஏன் பாப்பா, நீ ஏழுதானே?"

வாயைத் திறந்தேன். ஆனால் அப்பா முந்திக்கொண்டார்.

"அந்தப் பாடம் அதுகளுக்கு இன்னும் எடுக்கல."

"அப்ப ஒங்களுக்கு எப்படி மச்சான் தெரியும்?"

"வட சுத்திக் குடுத்த பேப்பர்ல போட்டிருந்துச்சு."

மாமா தலையை ஆட்டினார். வடை சுற்றிய பேப்பரையும் விடாமல் படிக்கிற மனிதரைப் போய் அப்படிச் சொல்லிவிட்டோமே என்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றார். "நான் அன்னைக்கு அந்த வார்த்த சொல்லியிருக்கக் கூடாது" என்றார். அப்பா, "உள்ள வாங்க மச்சான், நின்னுக்கிட்டே பேசுறீங்க" என்றார். அம்மா அதற்குள் தேநீருக்குக் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டார். மறுநாளே வெற்றிலைத் தட்டு போனது.

எனக்கு அன்று வந்த நிம்மதியை மறக்க முடியாது. அப்பாவுக்கு மறதி என்று நினைத்தேன். இதை அவர் காதில் சொன்னது நான்தான் என்பதை அவர் மறந்துபோய்விட்டார். பேப்பரில் படித்ததாக உண்மையிலேயே நம்புகிறார். அப்படியானால் நான் "தெரியல" என்று சொன்னதும் அவருக்கு ஒன்றும் இல்லை. அவ்வளவு எளிதாக அந்தக் கணக்கை முடித்துவிட்டேன்.

காதுகுத்து நன்றாக நடந்தது. மாரியம்மன் கோயிலில் மாமாவின் மடியில் தம்பி கத்திய கத்தலில் ஐயரே ஒருமுறை மந்திரத்தை நிறுத்தினார். ராகலையிலிருந்தும் பூண்டுலோயாவிலிருந்தும் உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் மாமா வீட்டில் அடைந்தோம். மாமா அதே படத்தைப் போட்டார். அப்பாவுக்கு நாற்காலி போட்டிருந்தார். நான் பழையபடி அவர் முழங்காலில் சாய்ந்துகொண்டேன்.

கப்பலுக்கு வெளியே காட்சி வரும்போதெல்லாம் மாமா ரிமோட்டை அமுக்கிச் சத்தத்தை நிறுத்தினார். உள்ளே வந்ததும் மறுபடி போட்டார். "மச்சான் சொன்னது. அங்க காத்து இல்ல" என்று வந்தவர்களுக்கு விளக்கம் வேறு. ராகலைக்காரர்கள் அப்பாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நல்ல நல்ல இடங்களில் சத்தம் போய்விடுவதால் எனக்கு எரிச்சலாக இருந்தது. மாமா சரியான கட்டத்தில்தான் ரிமோட்டை அமுக்கினோமா என்று படத்தைவிட அப்பாவைத்தான் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்பதெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டாவது கப்பல் வெடித்தது. அறை முழுக்க அமைதி. திரையில் மட்டும் தீ, சுழன்று சுழன்று நெடுநேரம் எரிந்தது. எனக்குச் சட்டென்று பாடத்தின் இன்னொரு பக்கம் ஞாபகம் வந்தது. எழும்பி அப்பாவின் காதருகில் போனேன்.

"காத்து இல்லாட்டி நெருப்பும் இப்படி எரியாதுப்பா."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். உடனே ஒன்றும் சொல்லவில்லை. நான் சொன்னது காதில் சரியாக விழவில்லை என்று நினைத்து, இன்னொரு முறை சொன்னேன்.

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"நெருப்பும் இப்படி எரியாது" என்றார், அத்தனை பேருக்கும் கேட்கும்படி.