கை நனைக்காத மன்னிப்பு

என் கணவர் தன் தம்பியை மன்னித்துவிட்டார். மாமனாரை எந்த ஆஸ்பத்திரியில் சேர்ப்பது என்று அண்ணன் தம்பிக்குள் வந்த வாய்ச்சண்டை, மாமனார் கண்ணை மூடிய பிறகும் ஓயவில்லை. முகத்தில் முழிப்பதில்லை, ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைப்பதில்லை. இவருக்குத் தூக்கம் கெட்டது. வீடியோ காலில் ஒரு மனநல ஆலோசகரைப் பிடித்தார், காலையில் தியான வகுப்புக்கும் போனார். தூக்கம் வந்தது, நல்லதுதான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

மோட்டார் ஓடவில்லை, பாருங்கள் என்று நான் கத்தினால், உன் கோபத்தைக் கவனி, அது நீ இல்லை என்பார். நான் இல்லையென்றால் இங்கே பாத்திரம் தேய்ப்பது யார்? பசித்தால்தான் சாப்பிட வேண்டும் என்று ஆலோசகர் சொல்லிவிட்டாராம். குழம்பு ஆறிக்கொண்டிருக்கும், இவர் கண்ணை மூடி வயிற்றை விசாரித்துக்கொண்டிருப்பார். தம்பிக்கு ஒரு போன் போடுங்கள் என்றால், மனசில் மன்னித்தாகிவிட்டது, போன் எதற்கு என்பார். காரைக்காலில் இவர் மனசுக்குள் மன்னித்தது சுரக்குடியில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

கொழுந்தன் தன் பேத்திக்குக் காதுகுத்து வைத்தார். பத்திரிகையை அவரே கொண்டுவந்து, வாசலில் நின்றபடியே என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். இவர் வருகிறேன் என்றதும் என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. விசேஷத்தன்று சனிக்கிழமை, திருநள்ளாறு சாலை முழுக்க வெளியூர் கார்கள். ஹார்னை வெறும் ஓசையாகக் கேள் என்றார். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து பல்லைக் கடித்தேன்.

விசேஷத்தில் எல்லோரிடமும் சிரித்துப் பேசினார், குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினார். கொழுந்தன் பந்தியில் இடம் பிடித்து வைத்துவிட்டு எங்களைத் தேடுவதற்குள், என்னைக் கூப்பிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டார். கொழுந்தன் தெருமுனை வரை ஓடிவந்து வண்டியை மறித்தார். அண்ணனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"அண்ணன் கை நனைக்காம போறாரே, அண்ணி."

அவ்வளவுதான், திரும்பி நடந்துவிட்டார். இவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"எனக்குப் பசிக்கலையே," என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஆலோசகரையும் சேர்த்து அறைந்திருப்பேன்.

"உங்களுக்குப் பசிக்கலைங்க. உங்க தம்பிக்குப் பசிக்குது."

வண்டியை அணைத்தார். பிறகு சாவியை என் கையில் கொடுத்துவிட்டுத் தனியாக விசேஷ வீட்டுக்கு நடந்தார்.

நான் வண்டியை ஓரமாக விட்டுவிட்டுப் போனபோது கடைசிப் பந்தியில் உட்கார்ந்திருந்தார். பரிமாறுகிறவரிடமிருந்து வாளியை வாங்கிக்கொண்டு கொழுந்தனே வந்தார். சோறு, சாம்பார், மறுபடி சோறு. இவர் நிமிராமல் சாப்பிட்டார். ரசத்துக்குச் சோறு விழுந்தபோதுதான் இலைக்கு மேலே கையை நீட்டி மறித்தார்.

"போதும்டா."

கொழுந்தன் அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டு, இன்னொரு கரண்டி போட்டார்.