ஆள் வருது

எங்கள் மலையிலிருந்து இறங்கும் முதல் பஸ்சில் ஏறிவிட்டால், கல்லூரி போய்ச் சேரும்வரை நான் முழுதாக விழித்திருந்ததாக நினைவில்லை. காவலூரில் ஏறும்போது பனி கொட்டிக்கொண்டிருக்கும். மரங்களுக்கு மேலே தொலைநோக்கிக் கட்டடத்தின் வெள்ளை உருண்டைக் கூரை மட்டும் தனியாக மிதக்கும். முதல் வளைவில் கண் சொக்கும். மூன்றாவது வளைவில் ஜன்னல் கம்பியில் தலை முட்டும். அதற்குப் பிறகு பஸ் நகர்கிறதா மலை நகர்கிறதா என்று சொல்ல முடியாது. அடிவாரத்தில் வெயில் முகத்தில் அடிக்கும்போது வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்காருவேன்.

அந்தத் தூக்கம் கல்லூரிக்குள்ளும் என்னோடு வந்துவிடும். கண் திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டேன். வகுப்பு ஜன்னலுக்கு நேர் எதிரே எங்கள் மலை நீலமாகப் படுத்திருக்கும். அதில் எந்த மடிப்பில் எங்கள் சாமைக் கொல்லை இருக்கும் என்று தேடிக்கொண்டிருப்பேன். ‘பராக்கு’ என்பது எனக்கு வகுப்பில் வைத்த பெயர். காவலூர்க்காரி என்பதால் நட்சத்திரமெல்லாம் எனக்கு அத்துப்படி என்று முதலில் நம்பினார்கள். ஒரு முறை சனிக்கிழமைக்கும் சனிக் கிரகத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று ஒருத்தி கேட்டு, நான் யோசித்துச் சொல்கிறேன் என்றதும் அந்த நம்பிக்கை போயிற்று.

அது அரசு கலைக் கல்லூரி. சேர்க்கை அன்று அப்பா தயங்கித் தயங்கி ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டார். ஆபீசில் இருந்தவர் சொன்னார். “மாசத்துக்குங்களா சார்?” என்றார் அப்பா. “வருசத்துக்குப்பா.” அதைக் கேட்டதும் அப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வெளியே கூட்டிவந்து, “இது நல்ல காலேஜ்தானா, நல்லா விசாரிச்சியா?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். நல்ல கல்லூரிதான். மின்விசிறி பாதி ஓடும், பாதி ஓடாது. ஆனால் ஆய்வகத்தின் பெரிய ஜன்னல்கள் வழியாக வரும் காற்றுக்கு எந்த விசிறியும் ஈடாகாது. மதியம் சாப்பிட்டுவிட்டு அங்கே நின்றால் இரும்பும் ஸ்பிரிட்டும் கலந்த ஒரு வாசனை வரும். அந்த வாசனையில் நான் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன்.

இயற்பியல் படிப்பவர்களுக்கு ரெக்கார்ட் நோட்டுதான் உயிர். ஒரு வருடம் செய்த சோதனைகள் எல்லாம் படத்தோடும் அட்டவணையோடும் அதில் இருக்கும். பிரவுன் அட்டை போட்டு, துறைத்தலைவர் சிவப்பு மையில் முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டால்தான் செய்முறைத் தேர்வுக்குள் விடுவார்கள். விடாவிட்டால் அடுத்த வருடம்தான். என் வீட்டில் மூன்று வருடத்துக்கே எல்லாரும் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார்கள். நான்காவதாக ஒரு வருடம் என்று ஒன்று வரக்கூடும் என்பதே அங்கே யாருக்கும் தெரியாது.

இரண்டாம் வருடச் செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள்தான் எனக்கு அந்தக் கையெழுத்து கிடைத்தது. நான்தான் தாமதம். துறைத்தலைவர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, “நாளைக்கு நேரத்துக்கு வந்து சேரும்மா, மலை பஸ்ஸை எல்லாம் நம்ப முடியாது” என்று சொல்லிக் கொடுத்தார். நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். மதியம் இரண்டு மணி வெயில். புளியமரத்து நிழல் சாலையில் திட்டுத்திட்டாகக் கிடந்தது. நான் ஒவ்வொரு நிழலாக மிதித்துக்கொண்டு போனேன், வேறு ஒன்றும் யோசிக்கவில்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் பஸ்சில் இடம் பிடிக்க ஒரு முறை உண்டு. பஸ் வந்து நிற்கும் முன்பே கூட்டம் ஜன்னல் பக்கம் ஓடும். கையில் இருப்பதை, துண்டோ பையோ கைக்குட்டையோ, ஜன்னல் வழியாக சீட்டின் மேல் போட வேண்டும். போட்டாயிற்று என்றால் அது உன் இடம். பிறகு நிதானமாகப் படியேறி வரலாம். யாராவது உட்காரப் போனால் பக்கத்தில் இருப்பவர் “ஆள் வருது” என்று ஒரு வார்த்தை சொல்வார். அவ்வளவுதான், சட்டம். அதற்காகச் சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதை மீறுகிறவர்களைப் பார்த்ததில்லை.

அன்று இரண்டு பச்சை பஸ்கள் ஒட்டி ஒட்டி வந்து நின்றன. எல்லாரும் ஓட நானும் ஓடினேன். என் கையில் இருந்தது ஒரே ஒரு பொருள். கை தானாகப் பழகிய வேலையைச் செய்தது. மூன்றாவது ஜன்னல் வழியாக ரெக்கார்டைப் போட்டுவிட்டு, இரண்டு பஸ்களுக்கும் நடுவில் இடிபட்டு, படியேறி உள்ளே போனேன். மூன்றாவது சீட்டில் ஒரு பெரியவர் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்.

“இது என் சீட்டுங்க. நோட்டு போட்டிருந்தேனே” என்றேன்.

“இங்க இன்னா நோட்டு? நான் துண்டு போட்டுத்தாம்மா உக்காந்துகினு இருக்கேன்.”

எனக்குக் கோபம் வந்தது. நோட்டை எடுத்துக் கீழே போட்டுவிட்டார் என்றே நினைத்தேன். குனிந்து அவர் காலடியில் தேடினேன். அவர் பொறுமையாகக் காலைத் தூக்கிக் காட்டினார். அப்போது பக்கத்து பஸ் பின்னால் நகர்ந்தது. அதன் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக என் கண் முன்னால் போயின. மூன்றாவது ஜன்னலில், காலியான சீட்டின் மேல், பிரவுன் அட்டை போட்ட என் ரெக்கார்ட் இருந்தது. பஸ்சின் நெற்றியில் கலசப்பாக்கம் என்று எழுதியிருந்தது.

நான் இறங்கி ஓடி, கத்தி, கை தட்டி, எல்லாம் செய்தேன். பஸ் வளைவில் திரும்பிப் போய்விட்டது. நேரக் காப்பாளர் அறையில் இருந்தவர் கண்டக்டருக்கு போன் போட்டார். “இன்னா? நோட்டா? கேக்கல சார்” என்று ஒரு குரல், பின்னால் நூறு பேர் சத்தம், பிறகு அதுவும் இல்லை. “அரை மணியில அடுத்த வண்டி இருக்குது, பின்னாலயே போய்டு” என்றார் அவர். என் பஸ் பாஸ் அந்தப் பக்கம் செல்லாது என்பது ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. டிக்கெட் எடுத்தேன்.

அந்தப் பயணம் இன்னும் எனக்குள் எங்கோ போய்க்கொண்டே இருக்கிறது. பயத்தில் அழுதுகொண்டு கிளம்பியவள், சிறிது தூரத்தில் அழுகையை மறந்துவிட்டேன். இடது கைப் பக்கம் முழுக்க மலை கூடவே வந்தது. என் மலைதான், ஆனால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து நான் அதன் ஒரு பக்கத்தை மட்டுமே பார்த்திருந்தேன். இந்தப் பக்கத்தில் வேறு முகடுகள், வேறு பள்ளங்கள், நான் பெயர் அறியாத ஊர்களுக்கு மேலே நின்ற மேகம். அறுவடை முடிந்த வயல்களில் வாத்துகள் மேய்ந்தன. இப்படியே சுற்றிக்கொண்டு போனால் வீட்டின் பின்பக்கத்தில் போய் இறங்கிவிடலாம், எதுவும் நடக்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அப்புறம் சிவப்பு மைக் கையெழுத்து நினைவுக்கு வரும். முன்னால் போன பஸ் தெரிகிறதா என்று ஜன்னலில் எட்டிப் பார்ப்பேன்.

கலசப்பாக்கத்தில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. பஸ் நிற்கும் இடத்தில், வேர்க்கடலை விதை மூட்டையின் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். மடியில் என் ரெக்கார்ட். நான் ஓடி வருவதைப் பார்த்ததுமே திட்ட ஆரம்பித்துவிட்டார்.

“வந்தியா? நீ காலேஜுக்குப் படிக்கப் போறியா தூங்கப் போறியா? எந்த பஸ்ஸுன்னு கூடவா பாக்க மாட்ட? நோட்டத் தேடிகினு பின்னாலயே வருவேன்னு உக்காந்திருந்ததுல, எங்க ஊருக்குப் போற ஷேர் ஆட்டோ ரெண்டு போய்டுச்சு உன்னால.”

“மன்னிச்சிருங்க அக்கா” என்றேன். கண்ணில் தண்ணீர் முட்டியது.

“அழாத. நீ ஜன்னல்ல போட்டத நான்தான் உள்ள நின்னுகினு பார்த்தேன். சரி, புள்ள ஏறும்னு நெனச்சேன். ஏறல. அடுத்த ஸ்டாப்புல ஓடி வந்து ஏறும்னு பார்த்தேன். செங்கம் தாண்டியும் காணோம். ஒருத்தர் மாத்தி ஒருத்தர் உக்கார வர்றாங்க. ஆள் வருது, ஆள் வருதுன்னு சொல்லிச் சொல்லி வாயே வலிக்குது. கண்டக்டரு என்ன ஏற எறங்கப் பாக்குறாரு.”

“நீங்களாவது உட்கார்ந்திருக்கலாமே அக்கா.”

“நல்லாக் கேட்ட போ. நான் உக்காந்துட்டு மத்தவங்கள எப்படி உக்காராதன்னு சொல்றது?”

மூன்று மணி நேரம். ஒரு காலிச் சீட்டின் பக்கத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, விதை மூட்டையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு அவர் நின்றே வந்திருக்கிறார். அவர் நோட்டைத் திறந்து ஒரு பக்கத்தை விரல் படாமல் காட்டினார். அட்டவணைகள், கோடு பிசகாத வரைபடம். “எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா எம்மாம் வேல செஞ்சிருக்க. எல்லாம் நீயே செஞ்சதா?”

“ஆமாங்க அக்கா” என்றேன்.

பொய். எழுதிய கை மட்டும்தான் என்னுடையது. ஊசல் இருபது முறை ஆடுவதை எண்ண வேண்டும் என்றால், நான் பன்னிரண்டில் ஜன்னலுக்குப் போய்விடுவேன். திரும்பி வரும்போது எத்தனை என்று தெரியாது. அதனால் சீனியர் அக்காவின் ரெக்கார்டைப் பார்த்து அளவுகளை அப்படியே எழுதினேன். வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான். வரவேண்டிய விடை எல்லாருக்கும் தெரியும், அதிலிருந்து பின்னோக்கி நடந்து போய் அளவுகளைப் போட்டுக்கொள்வோம். அதுவரை அது எனக்கு ஒரு தப்பாகவே தோன்றியதில்லை. அந்தப் பெண் நோட்டைத் தன் முந்தானையால் ஒருமுறை துடைத்து என் கையில் கொடுத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. வாங்கிக்கொண்டேன். அவருக்கு ஆட்டோ வந்தது, மூட்டையைத் தூக்கிவிட்டேன். “நல்லா எழுது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்குப் போக பஸ் இல்லை. அம்மாவுக்கு போன் செய்துவிட்டு, கல்லூரி ஊருக்கே திரும்பி வந்து, விடுதியில் தோழியின் பாயில் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் குலுக்கல் சீட்டில் எனக்கு வந்தது கூட்டு ஊசல். துளைகள் போட்ட நீண்ட இரும்புப் பட்டை ஒன்றைக் கத்தி முனையில் தொங்கவிட்டு ஆட்ட வேண்டும். அது ஆடும் நேரத்தை அளந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். விடை ஒன்பது புள்ளி எட்டு. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். பட்டையை ஆட்டிவிட்டேன். ஜன்னலில் மலை இருந்தது. நான் மலைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, உதடு அசைய எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. இருபது வந்ததும் கடிகாரத்தை நிறுத்தினேன். மறுபடி ஆட்டினேன். பட்டை போய்ப் போய் வந்தது. அறையில் வேறு யாரும் இல்லாத மாதிரி அமைதியாக இருந்தது. நான் கனவு காணாமல் கழித்த ஒரு முழு மணி நேரம் என் வாழ்க்கையில் அதுதான் முதல் என்று நினைக்கிறேன். அதுவே ஒரு கனவு போலத்தான் இருந்தது.

கணக்குப் போட்டேன். ஒன்பது புள்ளி நான்கு வந்தது. மறுபடி போட்டேன். அதேதான்.

பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்து, “ஏய் பராக்கு, எட்டு ஆக்கிடுடி. ரெண்டு ரீடிங்க மாத்துனா போதும்” என்று கிசுகிசுத்தாள். எனக்கும் தெரியும், எந்த இரண்டை என்றுகூடத் தெரியும். பேனாவை எடுத்தேன். அந்தப் பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் ஞாபகம் வந்தது. அவர் காவல் காத்தது இப்படி மாற்றி எழுதிய அளவுகளைத்தான் என்று நினைக்க எனக்குத் தாங்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் என் தாளைப் பார்த்தார். பிறகு ரெக்கார்டைத் திறந்து அதே சோதனையின் பக்கத்தைப் பார்த்தார். அங்கே ஒன்பது புள்ளி எட்டு ஒன்று, சுத்தமாக.

“ரெண்டுல எதும்மா உன்னுது?” என்று கேட்டார்.

அவருக்குப் பின்னால் எங்கள் துறைத்தலைவர் நின்றிருந்தார். தாளில் இருந்த ஒன்பது புள்ளி நான்கின் மேல் விரலை வைத்தேன். “இதுங்க சார். அது பார்த்து எழுதினது” என்றேன். துறைத்தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தேர்வாளர் சிவப்புப் பேனாவால் எதையோ அடித்தார், எதையோ எழுதினார், அடுத்த மேசைக்குப் போனார்.

முடிவுகள் வந்த நாளில் அப்பா கொல்லையிலிருந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து என் போனை வாங்கிப் பார்த்தார். முதல் வருடச் செய்முறையில் ஏறக்குறைய முழு மதிப்பெண் வாங்கியவள் நான். இந்த முறை தேறியிருந்தேன், வகுப்பிலேயே கடைசி ஆளாக. அப்பா அந்த எண்ணை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

“இன்னாம்மா, இதுல மட்டும் இம்மாம் கொறைஞ்சிடுச்சு?”

“இது ஒண்ணுதாம்பா நானே செஞ்சது” என்றேன்.