வெள்ளிக்கிழமை மேட்ச்

எண்பதுகளின் நடுவில் ஆம்பூரில் ஒரு கல்லூரியில் நான் தற்காலிக உடற்பயிற்சி ஆசிரியன். ஒருநாள் முதல்வர் கூப்பிட்டு, விளையாட்டு நிர்வாகம் என்று மூன்று வருடப் பட்டப்படிப்புக்குப் பாடத்திட்டம் எழுதச் சொன்னார். அப்படி ஒரு படிப்பு உலகத்தில் இருக்கிறதா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் பல்கலைக்கழகம் அனுமதித்தால் என் வேலை நிரந்தரமாகும். குடியாத்தத்தில் எனக்குப் பார்த்திருந்த பெண்ணின் அப்பா, லுங்கித் தறி வைத்திருந்தவர், வேலை நிரந்தரமானால்தான் கல்யாணத் தேதி என்று கறாராகச் சொல்லியிருந்தார். பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிருந்தது. எழுதாமல் என்ன செய்வது?

மைதான நிர்வாகம், போட்டிச் செலவு, விளையாட்டு உளவியல் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் எழுதினேன். உளவியலுக்கு என்ன பாடம் என்று முதல்வர் கேட்கவில்லை, நல்லவேளை. கடைசி வருடத்தில் தொழிற்சாலைப் பயிற்சி. ஊரில் தோல் பதனிடும் பெரிய டேனரிகள் கால்பந்து டீம் வைத்திருந்தன. மாணவர்கள் அங்கே போய் மேட்ச் நடத்தக் கற்றுக்கொள்ளட்டும் என்பது என் யோசனை. முன்னோட்டமாக நாலு பையன்களை ஒரு டேனரிக்கு அனுப்பியும் வைத்தேன். வாராவாரம் டேனரி லீவு நாளில் மேட்ச் என்று திட்டத்தில் எழுதினேன். இந்த வார லீவு நாள் மேட்சைப் பார்க்க வருகிறோம் என்று சென்னையிலிருந்து பேராசிரியர் குழு தகவல் அனுப்பியது.

எங்கள் பக்கத்தில் டேனரிக்கு லீவு வெள்ளிக்கிழமை. முதலாளியிலிருந்து தோல் சுழற்றும் டிரம் ஓட்டுகிறவர் வரை பாதிப்பேர் ஜும்மா தொழுகைக்குப் போகிறவர்கள். இதைப் போய் யாராவது எழுதுவார்களா? சூரியன் கிழக்கே உதிக்கும் என்று எழுதுகிற மாதிரி அல்லவா இருக்கும்!

வெள்ளிக்கிழமை வந்தது. ஷாமியானா போட்டு, ரெண்டு டீமையும் நிறுத்தி, போண்டா சுட்டு வைத்துக் காத்திருந்தோம். ஒருத்தரும் வரவில்லை. கைகழுவி விட்டார்கள் என்று நினைத்து, மேட்சை ஆடிவிட்டு போண்டாவையும் ஆட்டக்காரர்களே முடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை டீக்கடையில் லுங்கியோடு நின்றிருந்தேன். கல்லூரி வாட்ச்மேன் ஓடிவந்து, கார் வந்திருக்கு என்றார். அப்படியே ஓடினேன். மூன்று பேராசிரியர்களும் முதல்வரும் நேரே டேனரி மைதானத்துக்குப் போய் நின்றிருந்தார்கள். இந்தக் கோல்போஸ்ட்டிலிருந்து அந்தக் கோல்போஸ்ட் வரை ஆட்டுத்தோல் காய்ந்துகொண்டிருந்தது. ஆட்டக்காரர்கள் உள்ளே வேலையில். என் மாணவர்கள் நாலு பேரும் குனிந்து தோலைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வேலைநாளில் சும்மா உட்காராதே என்று மேனேஜர் ஏவியிருந்தார்.

மூத்த பேராசிரியர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே, இதுதான் நிர்வாகப் பயிற்சியா என்று கேட்டார். மேட்ச் வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது என்றேன்.

"வெள்ளிக்கிழமை எவனாவது லீவு விடுவானா?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "இங்க ஊரே விடுது சார். நீங்கதான் வேலைநாள்ல வந்து நிக்கறீங்க" என்று சொல்லிவிட்டேன். முதல்வர் என் இடுப்பில் கிள்ளினார். கிள்ளி என்ன பிரயோஜனம்? கார் போய்ட்டது. படிப்பும் அதோடு போய்ட்டது.

கல்யாணமும் போச்சு என்று கோல்போஸ்ட்டடியில் உட்கார்ந்துவிட்டேன். டேனரி மேனேஜர் அவ்வளவு நேரமும் ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தவர், பக்கத்தில் வந்தார்.

"இந்தப் பேஜாரெல்லாம் உங்களுக்கு எதுக்கு மாஸ்டர்? நம்ம கம்பெனிக்கு வந்துடுங்க. டீமைப் பாத்துக்குங்க. பர்மனென்ட்."

மாமனாருக்கு அந்தக் கடைசி வார்த்தை போதுமாக இருந்தது. பட்டப்படிப்பு என்ன ஆனது என்று அவர் கேட்கவேயில்லை. அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம்.

என் மனைவிக்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. அவளுக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு நான் டேனரியில். எனக்கு லீவு வெள்ளிக்கிழமை. அன்றைக்கு அவள் பள்ளிக்கூடத்தில், நான் வாயில் விசிலோடு மைதானத்தில். சேர்ந்து ஒரு மேட்னி ஷோ பார்க்க வேண்டுமென்றால் பொங்கலோ ரம்ஜானோ வரவேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சைக்கிளை எடுக்கும்போது வாசலில் நின்று அவள் சொன்னாள்: "அந்த புரொபசருங்க மட்டும் வெள்ளிக்கெழம வந்திருந்தா, இன்னிக்கி நீங்க வீட்ல இருந்திருப்பீங்க."

சைக்கிளில் ஏறிவிட்டேன். அன்றைக்கும் மைதானம் முழுக்கத் தோல்தான் காய்ந்தது.