கப்பல் திரும்பி வருமா என்று அண்ணன் கேட்டான்

வான்கூவரில் நான் வேலை பார்க்கும் ஸ்டுடியோவில், தினமும் காலையில் கைபேசியை வாசலிலேயே சின்ன இரும்பு லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். வந்த புதிதில், கோயில் வாசலில் செருப்பு விடுவது மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். செருப்பை விட்டுப் போனவர்களுக்குத் தெரியும், மனசில் பாதி வாசலிலேயே கிடக்கும். உள்ளே நாங்கள் செய்வது விண்வெளிக் கதை ஒன்று, ஒரு காமிக்ஸிலிருந்து எடுத்த தொலைக்காட்சித் தொடர். அதில் என் வேலை அழிப்பது. அந்தரத்தில் மிதப்பதுபோல நடிகர்களைக் கட்டித் தொங்கவிட்ட கம்பிகளை ஃப்ரேம் ஃப்ரேமாக அழித்துக்கொண்டே இருப்பேன். எட்டு மணி நேரம் அழித்தால் திரையில் மூன்று விநாடி ஓடும். கதையை வெளியே யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். சொன்னால் வேலை போகும். வேலை போனால் இங்கே தங்கும் பெர்மிட் போகும். நம்மில் எத்தனையோ பேருக்கு இந்த பயத்தை விளக்கவேண்டியதில்லை.

அந்தக் காமிக்ஸ் எனக்குப் புதிதில்லை. அதைத் தமிழில் கொண்டுவந்தவன் என் அண்ணன் முரளி. திருவெறும்பூரில் அப்பாவின் கம்பெனி குவார்ட்டர்ஸில் வளர்ந்தோம். என்னைவிட நாலு வயது மூத்தவன். படிப்பு முடித்து ஸ்ரீரங்கத்தில் ஒரு டைப்பிங் கடையில் சேர்ந்தான். தென்னூரில் இரண்டு நண்பர்கள் சேர்ந்து நடத்திய சின்னப் பதிப்பகம் ஒன்றுக்கு மாலை வேளைகளில் வெளிநாட்டுக் காமிக்ஸை மொழிபெயர்த்துக் கொடுத்தான். வசனம் எழுதுகிற பலூன் வட்டத்தில் ஆங்கில வாக்கியம் அடங்கும், தமிழ் வாக்கியம் அடங்காது. "இன்னும் ரெண்டு எழுத்து குறைக்கணும் கலா, யோசி" என்பான். கல்லூரியிலிருந்து வந்து நானும் பக்கத்தில் உட்கார்ந்து யோசிப்பேன். படங்களைக் கணினியில் சுத்தம் செய்து, ஆங்கில எழுத்தை அழித்துத் தருவது என் பொறுப்பு. இன்றைக்கு எனக்குச் சோறு போடுகிற தொழிலை அங்கேதான் கற்றேன்.

கதை இதுதான். செத்துக்கொண்டிருக்கும் ஒரு கிரகத்திலிருந்து கடைசிக் கப்பல் கிளம்புகிறது. கப்பலுக்கு வழி சொல்ல யாராவது கீழே இருந்து சமிக்ஞை அனுப்பவேண்டும். ஒருவன் மட்டும் தங்கிவிடுகிறான். "வந்து கூட்டிப்போகிறோம்" என்று கப்பலில் இருப்பவர்கள் வாக்குக் கொடுக்கிறார்கள். ஐந்து புத்தகங்கள் வந்தன. ஐந்தோடு அதை வரைந்தவர் நிறுத்திவிட்டார். கப்பல் திரும்பி வந்ததா என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. வாசகர்கள் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்பார்கள். அண்ணனிடம் பதில் இருக்காது. முடிவை முதன்முதலில் சொல்லப்போவது எங்கள் தொடர்தான்.

நான் இங்கே வந்த மூன்றாம் வருடம் அண்ணனுக்குச் சிறுநீரகம் பழுதானது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நாலு மணி நேரம் ஒரு கையை அசைக்காமல் படுத்துக்கொண்டு, இன்னொரு கையில் போனைப் பிடித்தபடி எனக்கு வீடியோவில் வருவான். முகம் ஊதியிருக்கும். ஒருநாள் எடுத்தவுடனே சிரித்தான்.

"நியூஸ்ல பாத்தேன். நம்ம கதையை உங்க ஊர்லதான் எடுக்கறாங்களாமே? நீ அதுலதானே இருக்கே?"

நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அதுவே பதிலாகிவிட்டது.

"எப்படி எடுத்தாங்க, யாரு நடிக்கிறா, ஒண்ணும் வேணாம். கப்பல் திரும்பி வருதா வரலையா, அதை மட்டும் சொல்லு."

"சொல்லக்கூடாதுண்ணே. கையெழுத்து போட்டுக் குடுத்திருக்கேன்."

"என்கிட்டயுமா?"

"யார்கிட்டயும்தான்ணே."

"சரி விடு. உன் வேலைக்கு எதும் வந்துடக்கூடாது. வந்தப்புறம் பாத்துக்கறேன்" என்றான்.

அதன்பிறகு அவன் கேட்கவேயில்லை.

தொடர் வெளியாக மூன்று வாரம் இருந்தது. ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்து லாக்கரைத் திறந்தால், அண்ணியிடமிருந்து பதினோரு அழைப்புகள். திரும்பக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு மேலதிகாரியிடம் ஓடினேன். நல்ல மனுஷி. "மை பிரதர் எக்ஸ்பயர்டு" என்றேன். நம் ஊரில் அப்படித்தானே சொல்லுவோம்? அவள் புருவத்தைச் சுருக்கி, "என்ன எக்ஸ்பயர்டு? விசாவா? எச்.ஆரிடம் பேசினால் நீட்டித்துக்கொள்ளலாமே" என்றாள். "இல்லை, பிரதர், பிரதர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். செத்துப்போனான் என்ற சொல் அந்த மொழியிலும் என் வாயில் வரவில்லை. புரிந்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பத்து நாள் விடுப்பு தந்தார்கள்.

நான் ஸ்ரீரங்கத்து வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அஸ்தியை அம்மா மண்டபப் படித்துறையில் கரைத்துவிட்டு வந்து குளித்த ஈரத்தோடு உறவினர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். "நீ வரட்டும்னு ரெண்டு நாள் வச்சுப் பாத்தோம்மா, டாக்டர் வேணாம்னுட்டாரு" என்று பெரியப்பா என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார். அவர் என்னிடம் ஏன் மன்னிப்புக் கேட்கவேண்டும்? பதினாறாம் நாள் காரியம்வரைகூட இருக்க முடியவில்லை. வாசலில் ஆட்டோ நிற்க, அண்ணி தலையை மட்டும் ஆட்டினார். போயிட்டு வரேன் என்று சொல்லக்கூடாத வீடு. நான் சொல்லாமலே கிளம்பினேன்.

கடைசிப் பகுதி வெளியான அன்று அண்ணி கூப்பிட்டார். இங்கே மாலை, ஸ்ரீரங்கத்தில் காலை.

"டிவில போட்டிருக்கேன் கலா. தனியாப் பாக்க முடியலை. நீயும் போட்டுட்டு லைன்ல இரு."

இரண்டு வீட்டிலும் ஓடியது. பிறகு அண்ணி மெதுவாகக் கேட்டார்: "கப்பல் வராதுல்ல?"

"உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணி?"

"உங்கண்ணன் சொன்னாரு. அன்னைக்கு உன்கூடப் பேசிட்டு வீட்டுக்கு வந்து படுத்தவரு, 'வராது சுமதி. வரும்னா கலா சொல்லியிருப்பா'ன்னாரு."

அவன் சொன்னது சரி. வரும் என்று இருந்திருந்தால் எந்தக் கையெழுத்தும் என்னைத் தடுத்திருக்காது. கண்ணைக் காட்டியாவது சொல்லியிருப்பேன். கான்ட்ராக்டுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டது, வராது என்று அவனிடம் சொல்ல முடியாமல்தான். பொய்யாவது சொல்லியிருக்கலாம். வருதுண்ணே என்று ஒரே சொல். பலூனில் தாராளமாக அடங்கியிருக்கும்.

கடைசிக் காட்சி வந்தது. அண்ணியின் டிவி என்னுடையதைவிட ஐந்தாறு விநாடி பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. இங்கே முடிந்த வசனம் போன் வழியாக அங்கிருந்து மறுபடி கேட்டது. என் திரையில், வானத்தில் தெரிந்த கப்பல் திரும்பாமல், ஒரு புள்ளியாகி, இருட்டில் மறைந்தது. அழித்த கம்பிகளின் தடம் எங்கும் தெரியவில்லை. காதில் வைத்த போனில் மட்டும், ஸ்ரீரங்கத்து வீட்டுக் கூடத்தில், அந்தக் கப்பல் இன்னும் போகாமல் நின்றுகொண்டிருந்தது.