மதினி பிடுங்கிய புல்

என் மகள் கல்யாணத்துக்கு முன்னால் வெளியூரில் வேலை பார்த்தாள். ஒருமுறை விடுமுறைக்கு வந்தபோது ஐந்து தொட்டிகளில் புல் வாங்கி வந்தாள். புல்தான். கருஞ்சிவப்பு இலை, நுனியில் அணில்வால் மாதிரி கதிர். திண்டுக்கல் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரோரம் வரிசையாக நட்டேன். "கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன்னு கேட்டிருக்கேன். நீ நேராப் புல்லுக்கே வாக்கப்பட்டுட்ட" என்றார் என் கணவர்.

அவளுக்குக் கல்யாணமாகி செம்பட்டிப் பக்கம் போன பிறகு, அந்தப் புல்லைப் பார்க்காமல் நான் காலைக் காப்பி குடித்ததில்லை. ஒரே ஒரு குறை. புல் மட்டும் தனியாக நின்றால் ஆளில்லாத வீடு போலத் தெரிந்தது. பக்கத்தில் ஏதாவது பூ வேண்டும். ரோஜா வைத்தேன், அது கேட்ட தண்ணீரை எங்கள் தெருக் குழாய் தராது. கனகாம்பரம் மத்தியான வெயிலில் சுருண்டது. அரளி மளமளவென்று வளர்ந்து புல்லையே மறைத்துவிட்டது. புல்லைவிடக் குட்டையாக, வெயிலுக்கு அஞ்சாத, அதிகம் தண்ணீர் கேட்காத பூ எது என்று ஒரு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டேன். வரன் பார்த்தபோதுகூட இவ்வளவு அலையவில்லை. கடைசியில் செண்டுப்பூ நாற்று ஊன்றினேன்.

அது நாலு இலை விட்ட சமயத்தில்தான் மாப்பிள்ளையின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். நாங்கள் ஒருவரையொருவர் மதினி என்றுதான் அழைப்போம். அவருக்குச் சொந்தமாகப் பூந்தோட்டம் உண்டு. விடிந்தால் மண்ணில் கைவைக்கிறவர்.

"செத்த நேரம் உக்காருங்க மதினி, வெஞ்சனம் மட்டும் பாக்கி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். சாப்பிடக் கூப்பிட வெளியே வந்தால் சுவரோரம் பளிச்சென்று இருந்தது. பின்பக்கம் கிடந்த களைக்கொத்தைத் தேடி எடுத்து, ஐந்து தூர்களையும் வேரோடு தோண்டி, வாழைநாரில் கட்டி வைத்திருந்தார்.

"நாத்த அப்படியே அமுக்கிருச்சு மதினி. இம்புட்டுப் புல்ல மண்ட விட்டா செண்டு எங்குட்டு வளரும்? புல்லுக்கட்ட நான் கொண்டு போறேன், ஆட்டுக்கு ஆகும்" என்றார்.

பூவுக்கு நடுவே புல்லைக் கண்டால் பிடுங்காமல் உட்கார்ந்திருக்க அவரால் முடியாது. அது எனக்கும் தெரியும். ஆனாலும் வயிறு எரிந்தது. மகள் வாழ்கிற வீடாயிற்றே என்று வாயைக் கட்டிக்கொண்டு பரிமாறினேன். புல்லுக்குப் பையும் நானே கொடுத்தேன்.

அவர் பஸ் ஏறியதும் கணவர் மேல் பாய்ந்தேன். வாசலில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "பாத்தேனே, நல்லாத்தான் களையெடுத்தாங்க" என்றார். அந்தக் கோபம் ஆறுவதற்குள் மகளுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். என் மகளுக்கு ஓட்டை வாய். பொழுது சாய்வதற்குள் விஷயம் மதினி காதுக்குப் போய்விட்டது.

அதன் பிறகு அவர் வரவில்லை. வாரம் தவறாமல் வரும் போனும் நின்றது. ஆடிக்கு அழைத்தபோது மகனையும் மருமகளையும் மட்டும் அனுப்பிவைத்தார். "அத்தைக்கு இங்க வர வெக்கமா இருக்காம்மா" என்றாள் மகள். புல் போனதற்குப் பட்ட வருத்தத்தைவிட இது பெரிய வருத்தமாக இருந்தது. மறுவாரமே நானே கிளம்பிப் போனேன்.

வீட்டில் ஆளில்லை. தோட்டத்துக்கு நடந்தேன். மதினி அங்கே பூப் பறித்துக்கொண்டிருந்தார். வாடாமல்லிப் பாத்தி முடிகிற இடத்தில், வாய்க்கால் ஓரம், என் ஐந்து தூரும் கதிர் விட்டு நின்றன. ஆடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதாம். மகள் சொன்ன அன்றைக்கே கொட்டிலிலிருந்து எடுத்து வந்து நட்டிருக்கிறார். கீழே முழங்கால் உயரத்தில் உருண்டை உருண்டையாக வாடாமல்லி, மேலே அதே சாயலில் கதிர்கள் ஆடிக்கொண்டிருந்தன.

"மதினி, ஒரு வருசமா இந்த ஜோடியத்தான் தேடுனேன்" என்றேன்.

"நெசமாவா, இல்ல சமாதானத்துக்குச் சொல்றீங்களா?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. மூன்று தூரை வாங்கிக்கொண்டு இரண்டை அங்கேயே விட்டேன். வாடாமல்லி நாற்றை வேர்மண்ணோடு பெயர்த்து ஒரு கூடை நிறையக் கொடுத்தார்.

சுவரோரம் இப்போது தெருவே நின்று பார்க்கிற மாதிரி இருக்கிறது. போன மாதம் மதினி வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பொருட்காட்சிக்கு வந்தவர் போல, எதையும் தொடாமல் பார்த்தார். நடுவில் பச்சையாக முளைத்திருந்த குட்டித் தூர்களை நான் பெருமையாகக் காட்டினேன். புல் குட்டி போட்டிருக்கிறது என்று இரண்டு மாதமாக அதற்குத் தனியாகத் தண்ணீர் ஊற்றி வந்தேன்.

"புதுசா கெளைச்சது மதினி. பெருசானாச் செவக்கும்."

அவர் என்னைப் பார்த்தார், அதைப் பார்த்தார். "செவக்கும் மதினி, செவக்கும்" என்றார்.

சாப்பிட்டு முடித்தோம். கை கழுவப் போனவர் மறுபடியும் அங்கேயே போய் நின்றார். என்னவென்று இரண்டு முறை கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அது கோரை மதினி, களை. எங்க தோட்டத்து மண்ணோட வந்துருக்கு. சொன்னா, போன தடவ மாதிரி ஆயிருமோன்னு..."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வாழ்நாளெல்லாம் களையெடுத்த மனுஷி, என் வாய்க்குப் பயந்து கோரையைச் சிவக்கும் என்று சொல்லியிருக்கிறார். பின்பக்கம் போய்க் களைக்கொத்தை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன்.

"இனிமே எங்கிட்டக் கேக்காம எடுங்க மதினி."

சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் கோரையைக் கிழங்கோடு தோண்டி என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டி, "இதுக்கா தண்ணி ஊத்துனீங்க" என்று சிரிக்க ஆரம்பித்தவர், அந்த வரிசை முடிகிற வரைக்கும் நிறுத்தவில்லை.