குண்டானுக்குக் காவல்

கோலா குபு பாரு ஊருக்கு மேலே மலைச்சாலையோரம் ஒரு நீர்வீழ்ச்சி இருக்கிறது. எங்கள் குடும்பம் அங்கே போக ஆரம்பித்துப் பல வருடங்களாகின்றன. எல்லாத் தடவையும் நானும் போயிருக்கிறேன். ஆனால் நீர்வீழ்ச்சியை மட்டும் பார்த்ததே இல்லை. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். வண்டி நிறுத்துகிற இடத்தில் ஒரு கொட்டகை உண்டு. அங்கிருந்து ஆற்றோரமாக நடக்க வேண்டும். நடுவே நாலைந்து இடத்தில் ஆற்றில் இறங்கிக் கடக்க வேண்டும். அப்புறம்தான் நீர்வீழ்ச்சி. நான் கண்டது அந்தக் கொட்டகை மட்டும்தான். அதன் தூணில் எந்தக் காதலன் எந்தக் காதலியின் பெயரைக் கிறுக்கியிருக்கிறான் என்று கேளுங்கள், மனப்பாடமாகச் சொல்வேன்.

எல்லாம் குரங்குகளால் வந்த வினை. நாங்கள் எங்கே போனாலும் சமையலறையைப் பெயர்த்துக்கொண்டு போகிற ஆட்கள். முதல் தடவை போனபோது நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறும் பருப்பு வடையும் கொண்டு போயிருந்தோம். கூடையைக் கொட்டகையில் வைத்துவிட்டுக் கொஞ்சம் கால் நனைத்து வருவதற்குள் குரங்குகள் வரிசையாகப் பந்தி உட்கார்ந்துவிட்டன. ஒன்று என் வடையைப் பிட்டுத் தன் குட்டிக்கு ஊட்டிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து சாப்பாட்டுக்கு ஒரு காவல் ஆள் வேண்டும் என்றாகிப் போனது. யார் அந்த ஆள் என்று யாரும் கூடிப் பேசி முடிவு பண்ணவில்லை. சமைத்தது நான், அதனால் நான். அவ்வளவுதான்.

சாயந்திரம் எல்லோரும் நனைந்து, பசித்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டு திரும்பி வருவார்கள். நான் தட்டை நீட்டிக்கொண்டே என் வீட்டுக்காரரிடம் கேட்பேன்.

"எப்படிங்க இருந்திச்சி?"

"எப்படி இருக்கும்? தண்ணி விழுது."

மனிதர் வாழ்நாளெல்லாம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். வார்த்தையை அளந்துதான் இறக்குவார். இருந்தாலும், கொட்டகையில் உட்கார்ந்து குச்சியை வைத்துக் குரங்கு விரட்டினவளுக்கு இந்தப் பதிலா? எனக்கு வரும் பாருங்கள் ஓர் ஆத்திரம். அவர் தட்டில் மட்டும் ஒரு துண்டுக் கறியைக் குறைத்து வைப்பேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அந்த நீர்வீழ்ச்சி மேல் எனக்கு இருந்த ஆசை சாதாரண ஆசை இல்லை. நான் பிறந்தது கோலா சிலாங்கூர் பக்கத்து எஸ்டேட்டில். எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் போனால் சிலாங்கூர் ஆறு. தே தாரேக் பால் டீ நிறத்தில், அகலமாக, அவசரமே இல்லாமல் கடலுக்குப் போகும். முதலை இருக்கிறது, கால் வைத்தால் காலைத் திருப்பி வாங்க முடியாது என்று அம்மா மிரட்டி வைத்திருந்தார். அதனால் ஆற்றோரத்தில் வளர்ந்தும் ஆற்றில் ஒருநாளும் இறங்கினதில்லை. போன வருடம் மகள் கைப்பேசியில் வரைபடத்தைக் காட்டி, "அம்மா, இந்த வாட்டர்ஃபால் தண்ணியெல்லாம் உங்க ஊரு ஆத்துலதான்மா போய் சேருது" என்றாள். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாலை மட்டும் பார்த்து வளர்ந்துவிட்டேன், தலையைப் பார்க்க வேண்டாமா?

இந்த வருடம் மகளுக்குக் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மூக்குக்கண்ணாடி, மெல்லிய குரல், நல்ல பிள்ளை. பள்ளி விடுமுறையில் மாப்பிள்ளையோடு முதல் முறையாக எல்லோரும் நீர்வீழ்ச்சிக்குப் போகலாம் என்று மகள் சொன்னதும் நான் ஆட்டுக்கறிப் பெரட்டல் என்று முடிவு பண்ணிவிட்டேன். மாப்பிள்ளைக்கு வெறும் முட்டைச் சம்பலா போடுவது? கறியை வாங்கி வந்த கையோடு வீட்டில் அறிவித்தும்விட்டேன்.

"இந்தத் தடவ நானும் மேல போறேன். குண்டானுக்கு யாரு காவல் இருப்பீங்களோ, எனக்குத் தெரியாது."

"சரி" என்றார் வீட்டுக்காரர், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"போக முடியலன்னா அப்படியே எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன், பாத்துக்குங்க."

அதற்குத்தான் திரும்பிப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து கோபம் வரும்போதெல்லாம் நான் சொல்கிற வசனம் அது. நாங்கள் இருக்கும் புஞ்சாக் ஆலாமிலிருந்து கோலா சிலாங்கூருக்கு என்ன, கொஞ்ச நேர ஓட்டம். ஒருநாளும் கோவித்துக்கொண்டு போனதில்லை. பையை எடுத்து வைப்பேன், அதற்குள் அடுப்பில் ஏதாவது வைத்தது ஞாபகம் வந்துவிடும்.

அன்றைக்குக் காலையில் என் தங்கச்சியும் கோலா சிலாங்கூரிலிருந்து வந்து சேர்ந்துகொண்டாள். அவள் கைப்பேசி இல்லாமல் மூச்சுக்கூட விடமாட்டாள். வண்டியில் ஏறினதும் படம் எடுக்க ஆரம்பித்தாள். ஈயக் குண்டானில் பெரட்டல் இருந்தது. மூடியின் மேல் துணி போட்டு, கழுத்தில் கயிறு சுற்றி, நானே இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தேன். சோறு வாழையிலையில் பொட்டலம் பொட்டலமாக மகளின் முதுகுப்பையில் இருந்தது. பத்தாங் பெர்ஜுந்தை தாண்டி, செம்பனைக் காடு முடிந்து, மலை கிட்டே வர வர எனக்கு உள்ளுக்குள் குதியாட்டம்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

கொட்டகை வந்தது. குண்டான் இறங்கியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, இதற்காகவே வாங்கின ரப்பர் சப்பாத்தை மாட்டினேன்.

"அப்ப யாரு இருக்கறது?" என்றாள் மகள்.

"அத்தான் இருக்கட்டும்லா" என்றாள் தங்கச்சி.

"ஒங்க அத்தான் ஒக்காந்தா தூங்கிடுவாரு. குரங்கு வந்து அவரயே தூக்கிட்டுப் போயிடும்" என்றேன். "நீ இருக்கறியா?"

"ஐயோ அக்கா, நான் குரங்க வீடியோ எடுத்துக்கிட்டு இருந்திடுவேன். கறி போறதே தெரியாது."

அப்போதுதான் மாப்பிள்ளை மெல்ல வாயைத் திறந்தார். "அத்த, நான் இருக்கேன். நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. யாருக்காக ஆடு வெட்டினோமோ அவரையே குரங்கு விரட்ட உட்கார வைப்பதா? சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள்? வாய்வரைக்கும் வந்துவிட்டது, வழக்கமாக வருகிற அந்த வார்த்தை: சரி, நீங்க எல்லாம் போயிட்டு வாங்க, நான் இருக்கேன். சொல்லியிருப்பேன். குச்சியைக்கூடக் கண் தேடிவிட்டது. இந்தத் தடவையும் கொட்டகைதானா என்று நினைத்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது.

மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். குனிந்து குண்டானைத் தூக்கித் தோளில் வைத்தார்.

"அப்ப இதயும் கூட்டிட்டுப் போயிடலாம் அத்த."

"மாப்பிள்ள, எறக்குங்க. நீங்க சட்டி தூக்கறதா? ஊரு என்ன பேசும்?"

"இங்க ஊரு எங்க இருக்கு? குரங்குதான் இருக்கு."

என் வீட்டுக்காரர் சத்தமாகச் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்பது தீபாவளிக்குத் தீபாவளிதான்.

இப்படியாக நாங்கள் புறப்பட்டோம். முன்னால் வீட்டுக்காரர், அவர் பின்னால் தோளில் குண்டானோடு மாப்பிள்ளை, "ஏய், பாத்து போ" என்று புருஷனை ஏய் போட்டுப் பேசுகிற என் மகள், அவளை முறைத்துக்கொண்டு நான், என்னைப் படம் எடுத்துக்கொண்டு தங்கச்சி. எதிரே இறங்கி வந்த சீனப் பிள்ளைகள் குண்டானைப் பார்த்து, "ஆன்ட்டி, மேல கல்யாணமா?" என்று மலாயில் கேட்டார்கள். ஆமாம், வாருங்கள் சாப்பிட என்றேன்.

முதல் தடவை ஆற்றைக் கடக்க வேண்டிய இடம் வந்தது. தண்ணீரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். அடியில் கிடக்கிற கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிகிறது. ஒரு நிறமும் இல்லை. தே தாரேக் ஆவதற்கு முன்னால் என் ஆறு இப்படித்தான் இருக்குமா? காலை வைத்தேன். குளிர் முழங்கால் வரைக்கும் சுரீரென்று ஏறியது. மீன்கள் கூட்டமாக வந்து விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போயின. முதலை இல்லை, மிரட்ட அம்மாவும் பக்கத்தில் இல்லை. சொந்த ஊர் ஆற்றில் இத்தனை வயசுக்கு அப்புறம் கால் வைக்கிறேன். எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது, அடக்கவே முடியவில்லை.

"அக்காவுக்கு என்னமோ ஆயிடிச்சி" என்றாள் தங்கச்சி.

"நம்ம ஆறுடி இது" என்றேன். அவளும் கைப்பேசியை இடுப்பில் செருகிவிட்டு இறங்கினாள். இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு சின்னப் பிள்ளைகள் மாதிரி தண்ணீரை உதைத்தோம்.

அதற்கப்புறம் மூங்கில் காடு, வேர் ஏறின பாதை, மறுபடியும் ஆறு. மாப்பிள்ளை ஒவ்வொரு தடவையும் குண்டானைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு கடந்தார். மூச்சு வாங்கியது, எனக்கும் அவருக்கும். முட்டி வலித்தது. ஆனால் காதில் ஒரு சத்தம் விழ ஆரம்பித்திருந்தது. தூரத்தில் நிற்காமல் மழை பெய்கிற மாதிரி.

"இதான் கடைசி" என்றார் வீட்டுக்காரர். "இத தாண்டி அந்த வளைவு திரும்புனா வந்திடிச்சி."

நாங்கள் இந்தப் பக்கம் இறங்கி நிற்கும்போதே மாப்பிள்ளை ஆற்றின் நடுவே ஒரு பாறையில் கால் வைத்தார். பாசி. சர்ரென்று வழுக்கி இடுப்பளவு தண்ணீரில் பொத்தென்று உட்கார்ந்தார். குண்டான் கையிலிருந்து எகிறி ஆற்றில் விழுந்தது. மூழ்கும் என்று நினைத்தேன். மூழ்கவில்லை. ஒரு முறை சுற்றிவிட்டு, நான் கட்டின துணியும் கயிறுமாக, நிமிர்ந்து மிதந்துகொண்டு எங்களைக் கடந்து கீழே போக ஆரம்பித்தது.

"மாப்பிள்ள, அடி பட்டிடிச்சா?" என்று நான் கத்தினேன்.

"இல்ல அத்த, கறி!" என்று அவர் கத்தினார்.

அப்புறம் நடந்தது ஒரு கூத்து. வீட்டுக்காரர் கரையோரமாக ஓடினார். மாப்பிள்ளை நனைந்த கால்சட்டையோடு அவர் பின்னால் ஓடினார். மகள் சோற்று மூட்டையோடு ஓடினாள். தங்கச்சி ஓடிக்கொண்டே வீடியோ எடுத்தாள். நானும் ஓரடி எடுத்து வைத்தேன். விடியக் காலையில் எழுந்து, மசாலா அரைத்து, நின்று கிளறின கறி. வயிறு எரியாதா? என் கால் தன்னால் அந்தப் பக்கம்தான் திரும்பியது.

குண்டான் கீழ் வளைவில் போய் மறைவதைப் பார்த்தேன். பின்னாலே, எதிர்ப்பக்கத்தில், அந்த மழைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு வளைவு. ஒரே ஒரு வளைவு. இப்போது இவர்களோடு இறங்கிப் போனால் மறுபடியும் ஏறி வர என் முட்டி இடம் கொடுக்காது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்போது சட்டென்று தோன்றியது, குண்டான் எங்கே போகிறது என்று. மூங்கில் காட்டைத் தாண்டும், கொட்டகையைத் தாண்டும், பத்தாங் பெர்ஜுந்தையைத் தாண்டும், நேராக எங்கள் லயத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

"விடுங்க" என்று கத்தினேன். "அது எங்க அம்மா வீட்டுக்குத்தான் போவுது!"

கேட்டதோ என்னவோ, ஒருவரும் திரும்பவில்லை. நான் திரும்பினேன். ஒரு கழியை ஊன்றிக்கொண்டு, பாசியில்லாத கல்லாகப் பார்த்துக் கால் வைத்து, ஆற்றைத் தனியாகக் கடந்து வளைவைத் தாண்டினேன்.

அங்கே இருந்தது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. முகத்தில் சாரல் அடித்தது. வீட்டுக்குப் போனதும் அக்கம்பக்கத்தில் கேட்பார்கள், அம்மா போனில் கேட்பார், என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். மூட்டையைப் பிரித்து அரிசியைக் கொட்டுகிற மாதிரி என்று சொல்லலாமா? இல்லை, அப்படி இல்லை. பந்தலிலிருந்து வெள்ளைச் சேலையைத் தொங்கவிட்ட மாதிரி? அதுவும் இல்லை. ஒன்றும் சரியாக வரவில்லை. எனக்கு அழுகை வந்தது. துக்கத்தில் இல்லை. சந்தோஷமாக இருந்தது, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வெகுநேரம் கழித்துப் பின்னால் கல் உருளுகிற சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் இடுப்பு வரைக்கும் நனைந்து, குண்டானை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். என் முடிச்சு அவிழவே இல்லை. அவருக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு மாப்பிள்ளை, சிரிப்பை அடக்க முடியாமல் மகளும் தங்கச்சியும்.

"கோவிச்சிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போச்சி" என்றார் வீட்டுக்காரர், குண்டானை என் காலடியில் வைத்து. "பாதி வழியில மூங்கில்ல மாட்டிக்கிட்டு நின்னிச்சி. சமாதானம் பேசி கூட்டிட்டு வந்துட்டேன்."

கேட்டிருக்கிறது மனிதருக்கு. அவர் என் பக்கத்தில் வந்து நின்று, முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் பார்க்கிற பக்கமே பார்த்தார்.

"எப்படி இருக்கு?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அரிசி மூட்டை, வெள்ளைச் சேலை எல்லாம் நாக்குவரை வந்து திரும்பிப் போயின. மறுபடியும் முயன்று பார்த்தேன்.

"தண்ணி விழுதுங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார்.

"அதான்" என்றார்.