அழகேசனைத் திட்டித் தீர்த்த வெள்ளிக்கிழமை

அழகேசன் வேப்பந்தட்டையிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருகிறவர். பெரம்பலூரில் நான் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரின் பதினெட்டு மெஷின்களும் அவர் பொறுப்பு. டிவி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைத் தானாகவே புத்தகம் பார்த்துக் கற்றுக்கொண்டார். "திருட்டு விண்டோஸ் வேணாங்க மேடம், ஒரு நாளைக்கி மாட்டிக்குவோம்" என்று ஆறு மாதம் என் உயிரை வாங்கி, எல்லா மெஷினிலும் லினக்ஸ் போட வைத்ததும் அவர்தான்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அவருக்கு எங்கே நிற்கும் என்று ஏழு வருஷமாகத் தெரியாது. மெஷின் மக்கர் செய்தால், திரையில் வரும் பிழைச் செய்தியை ஓர் எழுத்து விடாமல் நோட்டில் எழுதிக்கொள்வார். போட்டோ எடுத்தால் போதாதா என்று கேட்டால், "எழுதுனாத்தாங்க மேடம் கண்ணு ஒவ்வொண்ணா பாக்கும்" என்பார்.

போன வெள்ளிக்கிழமை அப்டேட் கருவி காலை வாரியது. மறுநாள் எங்கள் சென்டரில் ஆன்லைன் தேர்வு. அதற்கான மென்பொருளை அந்தக் கருவி வழியாகத்தான் இறக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்குள் மெஷின்கள் தயார் என்று சொல்லாவிட்டால் தேர்வை அரியலூருக்கு மாற்றிவிடுவார்கள். எந்த மெஷினில் கருவியைத் திறந்தாலும், சிவப்பு எழுத்தில் எதையோ கக்கிவிட்டு மூடிக்கொண்டது.

படிக்க வந்த பிள்ளைகள் எல்லாரும் பார்க்க நான் கத்தினேன். "விண்டோஸே இருந்திருந்தா இந்தக் கூத்து உண்டா? உங்க பேச்சக் கேட்டு என் தலையில நானே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டேன்!"

"பாத்துடலாங்க மேடம்" என்றார். அந்த நிதானம் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. பன்னிரண்டு மணிக்கு, அவர் காதுபடவே, திருச்சியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிற ஒருவருக்குப் போன் போட்டேன். "திங்கக்கிழமையிலேருந்து நீங்களே வந்து பாத்துக்குங்க. இந்த ஆள வச்சிக்கிட்டு மாரடிக்க முடியல" என்றேன். அழகேசன் பிழைச் செய்தியை நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். அவர் பெண் பிளஸ் டூ படிக்கிறாள், வீட்டில் அவர் ஒருவர் சம்பாத்தியம்தான். எல்லாம் தெரிந்துதான் பேசினேன்.

அவர் சாப்பிடப் போகவில்லை. நெட்டைப் பார்த்தார், மெஷினில் இடம் இருக்கிறதா என்று பார்த்தார், தேதி நேரம்கூடப் பார்த்தார். இரண்டரை மணிக்கு நோட்டைக் கொண்டுவந்து காட்டினார்.

"ஒரு எழுத்தப் படிக்கத் தெரியலன்னு சொல்லுதுங்க மேடம். ஈ-ஜீரோன்னு இருக்கு பாருங்க. கம்ப்யூட்டருக்குள்ள நம்ம தமிழெழுத்து எல்லாம் அப்படித்தான் ஆரம்பிக்கும். இந்தக் கருவி இங்கிலீஷ் மட்டும் படிக்கிற செட்டிங்ல ஓடுது. எங்கயோ தமிழ் வந்துருக்கு."

"தமிழ யாரு போட்டா?"

"செவ்வாக்கெழம நீங்க மெயின் மெஷின்ல முகவரி மாத்துனீங்கல்ல?"

செவ்வாய்க்கிழமை அவர் மைத்துனர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தார். அப்டேட் எங்கிருந்து இறங்க வேண்டும் என்ற புது முகவரியை அவர் போனில் சொல்லச் சொல்ல, நான்தான் ஃபைலில் அடித்தேன். மற்ற மெஷின்கள் அதைத்தான் நகல் எடுத்துக்கொள்ளும். மேலே # என்ற ஹாஷ் குறி ஒன்றைப் போட்டுத் தேதி எழுதச் சொன்னார். ஹாஷ் போட்ட வரி நம் ஞாபகத்துக்கு மட்டும்தானாம்.

"நீங்க சொன்னத மட்டுந்தான் அடிச்சேன்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்.

ஃபைலைத் திறந்தார். முதல் வரியில் ஹாஷ். அதன் பக்கத்தில் லட்சணமாக 'உ' என்று ஒரு பிள்ளையார் சுழி. அதற்கப்புறம் தேதி.

அட கடவுளே! மளிகைச் சீட்டானாலும் சுழி போடாமல் என் கை நகராது. சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம், போட்டேன் என்ற நினைப்பே இல்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"அழிச்சிடுங்க அழகேசன்."

"எதுக்குங்க மேடம்? ஹாஷ் வரியையும் கருவி படிச்சிட்டுத்தான் ஒதுக்கும். இத அழிச்சா நாளைக்கி வேற யாராச்சும் தமிழ்ல எதையாவது போடுவாங்க, மறுபடியும் விழும். கருவியத்தான் தமிழ் படிக்க வைக்கணும்."

செட்டிங்கில் ஒரு வரியை மாற்றினார். கருவியைத் திறந்தார். சிவப்பு வரவில்லை. மென்பொருள் இறங்கத் தொடங்கியது. அப்பாடா! நான் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதுவிட்டேன். நாலே முக்காலுக்குப் பதினெட்டாவது மெஷினும் முடிந்தது. தேர்வு எங்கள் சென்டரிலேயே என்று உறுதியானது.

அப்போதுதான் மேஜைக்கடியில் இருந்த அவருடைய பையைப் பார்த்தேன். ஸ்க்ரூ டிரைவர் செட், டீ டம்ளர், பெண்ணின் போட்டோ எல்லாம் உள்ளே இருந்தன. நான் போன் பேசிய பிறகு எடுத்து வைத்திருக்கிறார். எடுத்து வைத்துவிட்டுத்தான் அத்தனை நேரமும் என் மெஷின்களோடு மல்லுக்கட்டியிருக்கிறார்.

"கெளம்புறேங்க மேடம். பாஸ்வேர்டெல்லாம் நோட்டுல இருக்கு, திருச்சிக்காரருக்குத் தேவப்படும்" என்றார்.

"அட, சும்மா உக்காருங்க!" என்று பையைப் பிடுங்கினேன். டம்ளரை எடுத்து மேஜைமேல் வைத்தேன். திருச்சிக்குப் போன் போட்டேன்.

"வர வேண்டாங்க. தப்பு பண்ணது நானு. எங்க அழகேசன் இருக்காரு, அவரே போதும்."

காலையில் நான் கத்தியதைக் கேட்ட அத்தனை பிள்ளைகளும் இதையும் கேட்கட்டும் என்று, சத்தமாகவே சொன்னேன்.